முதலாளியின் துபாய் கம்பெனிக்கு நான் டைரக்டர் ஆகலாமா?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருக்கிறேன். முதலாளி துபாயில் தொடங்கும் கம்பெனிக்கு என்னை டைரக்டராகப் போடுவதாகச் சொல்கிறார். முதலீடு வேண்டாம், கையெழுத்து போதுமாம். மாதம் தனியாகப் பணமும் உண்டாம். அவருடைய வங்கிக் கடன் பற்றி விசாரணை வரலாம் என்று ஆபீசில் பேச்சு. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்படுவது உங்கள் திறமை அல்ல, உங்கள் பெயர்.

வைர வியாபாரி நீரவ் மோடி வழக்கைப் பாருங்கள். பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து, முறையான ஈடு இல்லாமலே, ‘இவர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம்’ என்று வங்கி சொல்லும் உத்தரவாதக் கடிதங்கள் அவருடைய கம்பெனிகளுக்காக ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் சர்வதேச அமைப்பு) வழியாகப் போயின. வங்கியின் முதன்மைக் கணக்கு மென்பொருளில் அவை ஏறவே இல்லை. அவற்றை நம்பி இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகள் கடன் கொடுத்தன. 2018 தொடக்கத்தில் விஷயம் வெடித்தது. அவரும் உறவினர் மெகுல் சோக்ஸியும் சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்படும் மொத்தத் தொகை 13,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பணம் ஹாங்காங், துபாய் கம்பெனிகளில் சுற்றவிடப்பட்டது என்பது விசாரணை அமைப்புகளின் குற்றச்சாட்டு. நீரவ் மோடி மறுக்கிறார்.

அந்தக் கம்பெனிகளில் டைரக்டர் யார்? நீரவ் மோடியை இந்தியாவுக்கு அனுப்பக் கோரி லண்டனில் நடந்த நாடுகடத்தல் வழக்கில் ஒரு வீடியோ காட்டப்பட்டது. அதில் பேசிய அந்தக் கம்பெனிகளின் டைரக்டர்கள், தாங்கள் பெயருக்குத்தான் உரிமையாளர்கள் என்றும், விவகாரம் வெளிவந்த பிறகு எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டதாகவும் சொன்னார்கள்.

சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில், கம்பெனி நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் ‘எனக்குத் தெரியாது’ என்றால் அதை அவரேதான் நிரூபிக்க வேண்டும். நீங்களோ கணக்காளர், விசாரணைப் பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. அந்த வாதம் நிற்காது. தண்டனை 3 முதல் 7 ஆண்டுவரை.

அப்புறம் வருமான வரி. வெளிநாட்டு வங்கிக் கணக்கில் கையெழுத்து போடும் அதிகாரம் இருந்தாலே ரிட்டர்னில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.

மறுப்பை மெயிலில் அனுப்பி, நகலைச் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சும்மா வேலைக்காகத்தான்’ என்று கேட்டாலும் பாஸ்போர்ட் நகல், டிஜிட்டல் கையொப்பம் எதையும் தராதீர்கள். ஏற்கெனவே கையெழுத்து போட்டிருந்தால், கம்பெனி வக்கீல் வேண்டாம். உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பார்த்து, எழுத்துப்பூர்வமாக ராஜினாமா செய்யுங்கள். துபாய் பதிவில் உங்கள் பெயர் நீங்கியதற்கான சான்றையும் கையில் வாங்கிவிடுங்கள்.