வெளிச்சம் குறைந்த உலகத்தை அறிபுனைவில் நம்பும்படி எழுதுவது எப்படி?

முதலில் எத்தனை லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று முடிவு பண்ணுங்கள். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். விளக்குப் போட்ட வீட்டு அறை 100 முதல் 200. பௌர்ணமி நிலவு 0.2 அளவு, நிலவில்லாத நட்சத்திர இரவு 0.001 அளவு. பலரும் சறுக்குவது இங்கேதான். புளூட்டோ என்றதும் கும்மிருட்டு என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே வெயில் நம்முடையதில் 1,600-ல் ஒரு பங்குதான், ஆனால் அதுவே 60 லக்ஸ் வரும். உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம்!

சனியின் நிலவான டைட்டனில் கதை இன்னும் சுவாரசியம். ஆரஞ்சுப் புகைமூட்டம் வடிகட்டியது போகத் தரைக்கு வருவது நம் வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது போதும். ஆனால் வெளிச்சம் வானம் முழுக்கப் பரவி இறங்குவதால் கூர்மையான நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் பிடிபடாது. உங்கள் நாயகி பட்டப்பகலில் தடுக்கி விழுவாள். 2005 ஜனவரி 14 அன்று அங்கே இறங்கிய ஹைகன்ஸ் கலம் எடுத்த படங்களை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நிலவொளிக்கும் கீழே போனால் நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் ஓய்ந்து, குச்சி செல்கள்தான் வேலை பார்க்கும். அவற்றுக்குச் சிவப்பு எட்டாது. அந்தி மங்கும்போது செம்பருத்தியைக் கவனியுங்கள்: பூ முதலில் கறுத்துப்போகும், இலை வெளிறித் தெரியும். ஆக, நட்சத்திர வெளிச்சத்தில் 'செங்குருதி' என்று எழுதினால் பிசகு. அங்கே ரத்தம் வெறும் கரிய ஈரம். விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சி செல்லே கிடையாது என்பதால் மங்கலான உருவம் நேராகப் பார்த்தால் மறையும், ஓரக்கண்ணுக்குத் தெரியும். பேய்க் காட்சிக்கு வேறென்ன வேண்டும்?

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு தீக்குச்சியின் பிரகாசமே அதில் பெரும்பகுதியைக் கெடுத்துவிடும். காவலாளிக்கு மங்கிய சிவப்பு விளக்கு கொடுங்கள், அது அவ்வளவாகக் கெடுக்காது. இதெல்லாம் மனிதக் கண்ணுக்கு. கதை சொல்வது அந்த மண்ணில் பிறந்த உயிர் என்றால் அதற்கு எதுவுமே இருட்டில்லை, 'மங்கல்' என்ற சொல்லையே தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. பஹாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்தில், கடல்மட்ட ஒளியில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கை வைத்தே சிவப்புப் பாசி வளர்கிறது. அதைவிட இருட்டான உலகத்தில் காடு வைக்காதீர்கள். 1977-ல் கலாபகஸ் தீவுகள் அருகே ஆழ்கடலில் கண்ட வெந்நீர் ஊற்றுகளில் போல, வேதிப்பொருள் தின்னும் நுண்ணுயிர்களிலிருந்து உணவுச் சங்கிலியைத் தொடங்குங்கள். அப்போது ஊர், சந்தை, சண்டை எல்லாம் ஊற்றைச் சுற்றித்தான் இருக்கும்.