வீட்டு வெந்நீர்த் தொட்டி: செலவும் பராமரிப்பும் (கேள்வி பதில்)

வளைகுடாவில் பல ஆண்டுகள் நீச்சல்குளங்களையும் ஜக்குஸி தொட்டிகளையும் பராமரித்துவிட்டு ஊர் திரும்பிய நான், இப்போது நாகர்கோவில் தொடங்கிக் களியக்காவிளை வரை வீடுகளிலும் ஹோம்ஸ்டேக்களிலும் அதே வேலையைச் செய்து வருகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவாக இருப்பவற்றுக்குப் பதில் தருகிறேன். கணக்குகள் யாவும் 1,200 லிட்டர் பிடிக்கும், நான்கைந்து பேர் உட்காரும் தொட்டிக்கானவை.

தக்கலையிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, என் கணவர் துபாயிலிருந்து வந்ததும் மொட்டை மாடியில் ஒரு தொட்டி வைக்க வேண்டும் என்கிறார். கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

அம்மா, பில்லுக்கு முன்னால் மாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மட்டுமே 1,200 கிலோ. தொட்டியின் எடையும் உட்காருபவர்களின் எடையும் சேர்ந்து, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடத்தில் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் அழுத்தும். வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோவுக்கும், மொட்டை மாடி அதைவிடக் குறைவாகவும் கணக்கிட்டே வடிவமைக்கப்படுகின்றன. எனவே கட்டடப் பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் மாடியில் ஏற்றாதீர்கள். முற்றத்தில் கான்கிரீட் தளம் போட்டு வைப்பதே நல்லது.

இனி பில். 1,200 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.4 யூனிட் ஆகும். நம் ஊர்த் தண்ணீர் 28 டிகிரி அளவில் இருப்பதால், 38 டிகிரிக்குக் கொண்டுவர 14 யூனிட் போதும். 3 கிலோவாட் ஹீட்டர் அதை ஐந்து மணி நேரத்துக்குள் முடித்துவிடும். குழாயில் 10 டிகிரித் தண்ணீர் வரும் குளிர்நாட்டில் இதே வேலைக்கு 39 யூனிட் வேண்டும் என்பதால், அங்குள்ளவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஃபிரிட்ஜும் ஏசியும் கீழ்ப்படிகளை முன்னமே நிரப்பிவிடுவதால், தொட்டியின் யூனிட் முழுவதும் மேல்படியில்தான் விழும். 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்த யூனிட் 8 ரூபாய் 55 காசு. 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு. ஆக, ஒருமுறை சூடாக்க 120 முதல் 165 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை குளிப்பவர்கள் அன்று காலையில் ஹீட்டரைப் போட்டால் போதும். வாரம் முழுவதும் சூட்டிலேயே வைத்திருப்பது வீண்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, இரவில் மூடாமல் விட்டால் காலையில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. தொட்டி ஒழுகுகிறதா?

ஒழுக்காக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம், தம்பி. ஒரு வாளியில் அதே தொட்டித் தண்ணீரை நிரப்பி, தொட்டிக்குள் படிமேல், தண்ணீருக்குள் முக்கால் பங்கு இறங்கும்படி வையுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, வாளியின் உட்புறமும் தொட்டியின் சுவரிலும் பென்சிலால் கோடு போடுங்கள். காலையில் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் தண்ணீர் ஆவியாகத்தான் போயிருக்கிறது. தொட்டி மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் பம்பின் இணைப்புகளுக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆவிதானே என்று விட்டுவிடாதீர்கள்; செலவின் உயிர்நாடியே அங்குதான் இருக்கிறது. உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 40 லிட்டர். ஒரு லிட்டர் வெந்நீர் ஆவியாகும்போது 0.67 யூனிட் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. 40 லிட்டருக்கு 27 யூனிட் ஆகிறது. பச்சைத் தண்ணீரைச் சூடாக்க ஆனதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒரே இரவில்! முப்பந்தலில் காற்றாலையைச் சுழற்றும் அதே கணவாய்க் காற்று உங்கள் தொட்டியின் மேலும் வீசுகிறது. காற்று கூடக்கூட ஆவியும் கூடும். ஆகையால் முதல் செலவாகத் தடித்த ஃபோம் மூடியையும், காற்று வரும் திசையில் ஒரு மறைப்புச் சுவரையும் வையுங்கள். மூடி நன்றாக இருக்கிறதா என்று அறிய, இரவு ஹீட்டரை அணைக்கும்போதும் காலையிலும் தண்ணீரின் டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கிய ஒவ்வொரு டிகிரிக்கும் 1.4 யூனிட். மூடி தூக்க முடியாமல் கனத்துவிட்டால் ஃபோம் தண்ணீர் குடித்துவிட்டது என்று பொருள். அது இனி வெப்பத்தைத் தடுக்காது, மாற்றிவிடுங்கள்.

குலசேகரத்திலிருந்து: கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. குளோரின் போட்டதும் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்துவிட்டது. ஏன்?

தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு, குளோரின் பட்டதும் துருவாக வெளியே வருகிறது. அந்த நிலையில் ஹீட்டரைப் போடாதீர்கள். அடுத்த முறை தண்ணீரைத் தனியாக ஒரு சின்டெக்ஸ் டேங்கில் பிடித்து, குளோரின் கலந்து, ஓர் இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடிகட்டித் தொட்டிக்கு விடுங்கள். வெட்டுக்கல் பூமிக் கிணறுகளில் தண்ணீர் புளிப்புத் தன்மையோடு, அதாவது அமிலத்தன்மையோடு, இருப்பதும் உண்டு. அது ஹீட்டரின் உலோகத்தை அரிக்கும். தண்ணீரில் தோய்த்து நிறம் பார்க்கும் பரிசோதனைப் பட்டையில் காரத்தன்மை 80 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) கீழே காட்டினால் ஆப்பச் சோடா போதும். 20 கிராம் கரைத்துவிட்டால் 10 பிபிஎம் உயரும்.

மார்த்தாண்டத்திலிருந்து: பம்பைப் போட்டால் நுரை பொங்குகிறது. நுரை நீக்கும் மருந்து ஊற்றினாலும் மறுநாள் திரும்ப வருகிறது.

சென்ற மாதம் இப்படி ஒரு வீட்டில் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் மஞ்சள் மெழுகுபோல ஒன்று படிந்திருந்தது; மூக்கருகே கொண்டுபோனதும் தேங்காய் எண்ணெய் மணம் வந்தது. நம் ஊரில் தலையில் எண்ணெய் இல்லாமல் ஒருவரும் இல்லை. அந்த எண்ணெயும் சோப்பும்தான் நுரைக்கின்றன, போடுகிற குளோரினையும் தின்றுவிடுகின்றன. நுரை மருந்து அதை மறைக்குமே தவிரப் போக்காது. சீயக்காய் தேய்த்துத் தலையோடு குளித்துவிட்டுத் தொட்டியில் இறங்குவது என்பதை வீட்டில் கண்டிப்பான பழக்கமாக்குங்கள். ஃபில்டரை வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் மடிப்பு மடிப்பாகக் கழுவி, மாதம் ஒருமுறை ஃபில்டர் கிளீனரில் ஊறவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதிது போடுங்கள்.

முட்டத்தில் ஹோம்ஸ்டே நடத்துபவர்: விருந்தினர் இல்லாத நாள்களில் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுவிடலாமா?

ஹீட்டரை அணைக்கலாம், பம்பையும் குளோரினையும் நிறுத்தவே கூடாது. லெஜியோனெல்லா என்னும் கிருமி 25 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் நன்றாகப் பெருகும். அத்தண்ணீரின் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். குளிர்நாட்டில் அணைத்துவிட்ட தொட்டி குளிர்ந்துவிடும். நம் கடற்கரையில் அணைத்த தொட்டியும் 28, 30 டிகிரியிலேயே நிற்கும். அதனால் தினமும் சில மணி நேரம் பம்பை ஓட்டி, குளோரினைக் குறைந்தது 3 பிபிஎம்மிலும் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஎச் அளவை 7.2 முதல் 7.8 வரையிலும் வைத்திருங்கள். விருந்தினர் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பரிசோதித்து நோட்டில் எழுதுங்கள்.

தண்ணீர் மாற்றுவதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: லிட்டர் அளவை 11-ஆல் வகுத்து, அதை ஒரு நாளில் குளிப்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தினம் நான்கு பேர் என்றால் உங்களுக்கு 27 நாள். உப்புக்காற்றில் ஹீட்டர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி.யும் சரியான எர்த்தும் இல்லாத தொட்டியில் யாரையும் இறக்காதீர்கள்.

குளச்சலிலிருந்து: பிளீச்சிங் பவுடர் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போடலாமா?

வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு ஹீட்டரில் படியும். டைகுளோர் என்னும், சுண்ணாம்பு இல்லாத குளோரின் தூள் வாங்குங்கள். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

நாகர்கோவிலிலிருந்து: அம்மாவுக்கு மூட்டுவலி, ரத்த அழுத்தமும் உண்டு. இறங்கலாமா?

மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்கட்டும். யாராக இருந்தாலும் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் போதும். கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வேண்டாம்.

திருவட்டாற்றிலிருந்து: பழைய தண்ணீரைத் தென்னை மூட்டில் விடலாமா?

விடலாம். குளோரின் போடுவதை நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து இரண்டு மூன்று நாள் வெயில் படவிடுங்கள். பட்டையில் குளோரின் பூஜ்யம் காட்டிய பிறகு, ஒரே மரத்துக்கு ஊற்றாமல் பல தென்னைகளுக்குப் பிரித்து விடுங்கள். கிணற்றங்கரைக்கும் மீன் வளர்க்கும் குளத்துக்கும் அந்தத் தண்ணீர் போகாமல் வாய்க்காலை முதலிலேயே திருப்பிவிடுங்கள்.