வெட்டி வாங்கிய கிறிஸ்துமஸ் மரம் வீட்டுக்குள் காய்ந்துபோகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? தண்ணீரில் சர்க்கரை, ஆஸ்பிரின் போடலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: போட வேண்டாம். சர்க்கரை, ஆஸ்பிரின், ப்ளீச், கடையில் விற்கும் பொடி எதுவும் தேவையில்லை. வெறும் குழாய்த் தண்ணீர் போதும். வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்ற பேச்சும் வீண். "நான் வருஷா வருஷம் சர்க்கரை போடுகிறேன், மரம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாராவது கமெண்ட்டில் வருவார்கள். நன்றாக இருப்பதற்குக் காரணம் அவர்கள் விடாமல் தண்ணீர் ஊற்றுவது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அது அந்தத் தண்ணீரைக் குடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் தடவை நிஜ மரம் வாங்குகிறீர்கள், வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு மற்றதைச் சொல்கிறேன். (பிளாஸ்டிக் மரம் வாங்கினால் தொல்லையே இல்லையே என்பவர்களுக்கு: கேட்டது அதுவல்ல.)

வாங்கும்போது ஒரு கிளையை உள்பக்கத்தில் லேசாகப் பிடித்து நுனி வரை விரலை உருவுங்கள். பச்சை ஊசிகள் (ஊசி போன்ற இலைகள்) கையோடு வந்தால் அந்த மரம் வேண்டாம். தண்டை ஒட்டி உள்ளே பழுப்பாக இருப்பவை பழைய இலைகள். அவை உதிர்வது இயல்பு. மர வகைகளில் ஃப்ரேசர் ஃபர், நோபிள் ஃபர், நார்ட்மன் ஃபர் மூன்றும் ஊசிகளை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். நார்வே ஸ்ப்ரூஸ் சீக்கிரம் கொட்டிவிடும். அதுதான் கிடைத்தது என்றால் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் உள்ளே கொண்டுவந்தால் போதும். கார் கூரையில் ஏற்றினால் அடிமரம் முன்பக்கம் பார்த்து இருக்கட்டும், மேலே தார்ப்பாய் போடுங்கள். வேகக் காற்று ஊசிகளிலிருந்து நிறைய ஈரத்தை இழுத்துவிடும்.

இனிதான் முக்கியமான வேலை. வெட்டிய இடத்தில் பிசின் கசிந்து படலமாக மூடிக்கொள்ளும். மரத்தின் உள்ளே தண்ணீர் ஏறும் நுண்குழாய்களின் வாயில் காற்றும் புகுந்து அடைத்துக்கொள்ளும். அதனால் ஸ்டாண்டில் (மரத்தை நிறுத்தித் தண்ணீர் ஊற்றி வைக்கும் பாத்திரம்) நிறுத்துவதற்குச் சற்று முன் அடியிலிருந்து 1 முதல் 2.5 செ.மீ. கனத்துக்கு ஒரு வட்டத் துண்டை ரம்பத்தால் அறுத்து எடுங்கள். நேராக, தண்டுக்குக் குறுக்காக அறுக்க வேண்டும். சாய்வாக வெட்டுவதால் தண்ணீர் கூடுதலாக ஏறிவிடாது. மரமும் நேராக நிற்காது, வெட்டின் மேல் விளிம்பு முதலில் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். நடுவில் துளை போடுவதாலும் ஒரு பயனும் இல்லை. தண்ணீரை நன்றாக ஏற்றுவது பட்டைக்கு உள்ளே இருக்கும் வெளிவளையங்கள்தான். அதனால்தான் ஸ்டாண்டுக்குள் நுழையவில்லை என்று அடிமரத்தைச் சுற்றிச் சீவுவது பெரிய தப்பு. ஸ்டாண்டை மாற்றுங்கள், மரத்தைச் சீவாதீர்கள்.

அறுத்தபின் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தண்ணீரில் வைத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. அலங்காரம் நாலு நாள் கழித்துத்தான் என்றால் வெயில் படாத குளிர்ந்த இடத்தில், வாளித் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அடிமரத்தின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் நாளொன்றுக்குச் சுமார் 1 லிட்டர். 10 செ.மீ. விட்டம் என்றால் 4 லிட்டர். முதல் நாள் இதைவிடக் கூடுதலாகவும் உறிஞ்சும், பயப்படாதீர்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். ஸ்டாண்ட் பெட்டியின் மேல் "7 அடி மரம் வரை" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது பொடி எழுத்தில் இருக்கும், பல பெட்டிகளில் அதுவும் இருக்காது. போட்டிருந்தாலும் அது காலிப் பாத்திரத்தின் அளவு. தண்டு உள்ளே போனதும் அது இடத்தை அடைத்துக்கொள்ளும். அறுத்த அடிப்பரப்பான வெட்டுவாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீரோ மரத்துக்கு எட்டாது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 செ.மீ. அகலமுள்ள வட்டப் பாத்திரத்தில் 10 செ.மீ. தண்டை நிறுத்தினால், சுற்றியுள்ள இடத்தில் ஒரு செ.மீ. உயரத்துக்கு கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். 4 லிட்டர் வேண்டுமென்றால் வெட்டுவாய்க்கு மேலே 17 செ.மீ. ஆழம் வேண்டும். அவ்வளவு ஆழமான ஸ்டாண்ட் எங்கே கிடைக்கிறது? 30 செ.மீ. அகலம் என்றால் ஆறரை செ.மீ. ஆழமே போதும். ஆக, வாங்கும்போது அகலத்தைப் பாருங்கள். ஏற்கெனவே சின்ன ஸ்டாண்ட் வாங்கியாகிவிட்டதா? காலையும் இரவும் ஊற்றியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. கிளைகளுக்கு அடியில் ஊர்ந்துபோகாமல் இருக்க, புனலில் ஒரு மீட்டர் நீளக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைப் பாத்திரத்துக்குள் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் மட்டம் வெட்டுவாய்க்குக் கீழே இறங்கிச் சில மணி நேரம் ஆகிவிட்டால் பிசின் மறுபடி மூடிக்கொள்ளும். அதற்குப்பின் எவ்வளவு ஊற்றினாலும் மரம் சரியாகக் குடிக்காது. சரியான தீர்வு மறுபடி ஒரு துண்டு அறுப்பதுதான். விளக்கும் பொம்மையும் தொங்கும் மரத்தைக் கழற்றி அறுக்க யாருக்கும் மனசு வராது என்பது தெரியும். ஆனால் பண்டிகைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றால் அறுத்துவிடுங்கள்.

ஹீட்டர், கணப்பு, சூடான காற்று வரும் துவாரம் எதுவாக இருந்தாலும் குறைந்தது 90 செ.மீ. தள்ளி வையுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலும் வேண்டாம். அறைச் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் மரம் குடிப்பதும் குறையும். பழைய குண்டு பல்புச் சரத்துக்குப் பதில் எல்.இ.டி. போடுங்கள், தூங்கப்போகும்போது அணைத்துவிடுங்கள். ஊசிகளின் மேல் அடிக்கச் சொல்லும் ஸ்ப்ரேக்களால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

இதெல்லாம் அழகுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. (தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம்) செய்த தீச்சோதனைகளில், காய்ந்த மரம் ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்றி வைத்த மரத்தில் தீ அப்படிப் பரவவில்லை.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நல்ல ஃபர் மரம் நான்கு வாரம் தாங்கும். சில வாரம் போனபின் குடிக்கும் அளவு தானாகக் குறையும். ஊசிகள் வளைந்து கொடுத்தால் கவலையில்லை. கை பட்டதும் பச்சை ஊசிகள் பொலபொலவென்று கொட்டினால் விளக்கை அன்றே கழற்றி மரத்தை வெளியே எடுத்துவிடுங்கள். புத்தாண்டு வரைக்கும் என்று இழுக்காதீர்கள். எடுக்கும்முன் ஸ்டாண்டில் மிச்சமுள்ள தண்ணீரை ஒரு பழைய துண்டால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் தரை முழுக்க ஊசியும் தண்ணீருமாகிவிடும்.