நகர்ப் புத்துயிர்ப்பு விருது என்றால் என்ன? வேலை முடிந்த கையோடு விண்ணப்பிக்கலாமா?

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தெருவையோ பழைய கட்டடத்தையோ சீரமைத்தவர்களுக்கு வரும் கேள்வி இது. நலிந்துபோன பகுதியை மறுபடி நன்றாக வாழத்தக்க இடமாக்குவதுதான் புத்துயிர்ப்பு. அங்கே இருந்தவர்களை வெளியேற்றிவிட்டுச் செய்வதை நான் அந்தப் பெயரால் அழைக்க மாட்டேன். அப்படி நன்றாக நடந்த வேலைக்குக் கிடைக்கும் அங்கீகாரம்தான் விருது.

சரி, உடனே விண்ணப்பிக்கலாமா? பெரும்பாலும் முடியாது. இத்தகைய வேலைகளுக்கும் தரப்படும் சர்வதேச விருதுகளான ஆகா கான் கட்டடக்கலை விருதுக்கும், யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுக்கும் வேலை முடிந்து குறைந்தது 1 ஆண்டாவது அந்த இடம் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். பின்னதற்குக் கட்டடம் 50 வயதைத் தாண்டியும் இருக்க வேண்டும். காரணம் எளிது. காசிமேட்டில் பெயின்ட் அடித்த அன்று எல்லா ஃபைபர் படகும் அழகாகத்தான் நிற்கும். ஒரு மழைக்காலம் கடலுக்குப் போய் வந்த பிறகுதான் எது நல்ல படகு என்று தெரியும். தெருவும் அப்படித்தான்.

விண்ணப்பத்தில் பலரும் கோட்டைவிடுவது, வேலைக்கு முந்தைய நிலையைக் காட்டும் பழைய படங்களை. குழாயடியில் வரிசை கட்டிய பிளாஸ்டிக் குடங்கள், மழைத் தண்ணீர் சுவரில் விட்டுப்போன கறைக்கோடு, இதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே படம் எடுத்து வையுங்கள். அப்புறம் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். குடியிருப்பவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்த குறிப்பேடு இருந்தால் அதையும் சேருங்கள்.

விருது கட்டடக் கலைஞருக்கு மட்டும்தான் என்று நினைப்பது தவறு: ஆகா கான் விருதின் பரிசுத்தொகையில் கொத்தனாருக்கும் கைவினைஞருக்கும்கூடப் பங்கு கிடைக்கலாம்.