இரண்டு மேனிக் மைனர் – கடிதம்

அன்புள்ள சார்,

1980-களில் பிரிட்டனில் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் ரப்பர் விசைகளைப் பற்றி சென்ற வாரம் நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். நான் லீட்ஸில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். என் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். ரிட்டயர் ஆக இன்னும் நாலைந்து வருடம் இருக்கும். ஞாயிறு காலை ஆனால் போதும், காரின் டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்பார்களே, அந்தச் சந்தைக்குப் போய்விடுவார். கேம் கேசட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வருவார். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார், கேசட் அட்டையை ஸ்கேன் செய்வார், என்னென்னவோ குறித்து வைப்பார்.

போன மாதம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மேஜைமேல் ஒரே கேமின் மூன்று கேசட்டுகள். மூன்றையும் ஏற்றிக்கொண்டிருந்தார். “இதெல்லாம் நெட்டில் சும்மா கிடைக்கிறதே, ஒரு நிமிடத்தில் டவுன்லோட் செய்துவிடலாமே” என்றேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

உங்களிடம் கேட்கிறேன். இருக்கிற ஒன்றை எதற்கு மறுபடி மறுபடி சேமிக்க வேண்டும்? அதிலும் முக்கால்வாசி கேம்கள் அன்றைக்கே யாரும் சீண்டாத குப்பை. இன்னொன்று, யாருடைய அனுமதியும் இல்லாமல் இப்படி எடுத்து வைப்பது திருட்டு இல்லையா? நான் எழுதும் மென்பொருளை யாராவது இப்படிச் செய்தால் எங்கள் கம்பெனி சும்மா விடாது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த மூன்று கேசட்டுகள் என்ன கேம் என்று நீங்கள் எழுதவில்லை. மேனிக் மைனராக இருக்கலாம் என்று ஓர் ஊகம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதை வைத்தே சொல்கிறேன்.

மேனிக் மைனர் 1983-ல் வந்தது. எழுதிய மேத்யூ ஸ்மித் அப்போது இருபது வயதைத் தொடவில்லை. பக்-பைட் என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. கொஞ்ச நாளிலேயே அவர் அங்கிருந்து பிரிந்து, தன் கேமையும் கையோடு எடுத்துக்கொண்டு சாஃப்ட்வேர் புராஜெக்ட்ஸ் என்ற நிறுவனத்துக்கு வந்துவிட்டார். அங்கே அது மறுபடி வெளிவந்தது. அதே 20 குகைகள், அதே சுரங்கத் தொழிலாளி வில்லி, அதே குதி. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கோபம் தெரியும். முதல் பதிப்பில் அமீபாட்ரான் என்ற எதிரிகள் கைகள் தொங்கும் ஆக்டோபஸ் மாதிரி இருக்கும். இரண்டாவதில் அவை பக்-பைட்டின் சின்னத்தைப் போலவே சிரிக்கும் பூச்சிகளாகிவிட்டன. கிடங்குக் குகையில் சுழன்றுகொண்டிருந்த கதிரடிக்கும் இயந்திரங்கள் போய், கண்ணை ஏமாற்றும் முக்கோணங்கள் வந்தன. அது புது நிறுவனத்தின் சின்னம். ஏமாற்று வழி ஒன்று உண்டு, எந்தக் குகைக்கும் நேராகப் போகலாம். அதற்கு முதல் பதிப்பில் 6031769 என்று அடிக்க வேண்டும், இரண்டாவதில் ‘டைப்ரைட்டர்’ என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், ‘நெட்டில் சும்மா கிடைக்கிறதே’ என்றீர்களே, அப்படிக் கிடைக்கும் மேனிக் மைனர் இதில் எது?

பெரும்பாலானவர்கள் டவுன்லோட் செய்வது மூன்றாவதாக ஒன்றாகவும் இருக்கலாம். 1990-களில், பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டர்கள் வந்தபோது, கேமைக் கோப்பாக்க எளிய வழி ஒன்று இருந்தது. கேசட்டைப் போட்டு கேமை ஏற்றி, ஓட ஆரம்பித்ததும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இருப்பதை அப்படியே ஒரு படம் எடுத்து வைத்துவிடுவது. ஸ்னாப்ஷாட். அந்தக் கோப்பு உடனே திறக்கும், விளையாடலாம், யாருக்கும் குறை தெரியாது. ஆனால் ஏறும்போது திரையில் ‘மேனிக்’ என்றும் ‘மைனர்’ என்றும் மாறி மாறி மின்னுமே, அது அதில் இருக்காது. யாரோ ஒருவர் உயிர் தீராதபடி உள்ளே திருத்தியிருந்தால், அதுவும் சேர்ந்தே படமாகியிருக்கும். சிலர் தங்கள் பெயரைக்கூட நுழைத்திருப்பார்கள். சுவடி பெயர்த்தெழுதியவர் தன் சரக்கையும் இரண்டு வரி சேர்த்த கதைதான். பாடபேதம் என்ற சொல்லை நாம் நூல்களுக்கு வைத்திருக்கிறோம், கேசட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆகவே உங்கள் நண்பர் மறுபடி சேமிக்கவில்லை. ஒப்புநோக்குகிறார்.

கேசட்டில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த இடம் இது. ஸ்பெக்ட்ரம் 1982-ல் வந்தது, 48 கே மாடலின் விலை 175 பவுண்டு. டிஸ்க் கிடையாது. வீட்டில் இருக்கும் டேப் ரெக்கார்டரை ஒயர் போட்டு இணைக்க வேண்டும். டேப்பில் ஒலியாகத்தான் நிரல் இருக்கும். ‘ஒன்று’ என்றால் நீண்ட அலை, ‘பூஜ்யம்’ என்றால் அதில் பாதி நீளம், அவ்வளவுதான் சூத்திரம். இப்படி ஒன்றும் பூஜ்யமுமாக நொடிக்குச் சுமார் 1,500 பிட்டுகள். அந்தக் கணக்கில் முழு நினைவகத்தையும் நிரப்ப நாலு நிமிடத்துக்கு மேலாகும். அதுவரை பொறுமையாக அந்தக் கீச்சொலியைக் கேட்டுக்கொண்டு, திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாக ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஒரு படம் வரும். அதுவும் மேலிருந்து கீழாக ஒழுங்காக வராது. திரையை மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எட்டு வரிக்கு ஒரு வரியாக நிரப்பிக்கொண்டு வரும், கறுப்பு வெள்ளையில். எல்லாம் முடிந்தபின் மேலிருந்து கீழே சரசரவென்று நிறம் இறங்கும். மொத்தம் 6,912 பைட்டுகள். அதில் நிறத்துக்கு மட்டும் 768. அந்த நிறம் இறங்கும் நாலு நொடிக்காகவே கேசட்டைத் திரும்பப் போட்டவர்கள் உண்டு.

ஒலிதானே என்பதால் வானொலியிலும் அனுப்பலாம் இல்லையா? அனுப்பினார்கள். 1983-ல் பெல்கிரேடில் ஸோரான் மோட்லி என்ற அறிவிப்பாளர் தன் ‘வென்டிலேட்டர் 202’ நிகழ்ச்சியில் நிரல்களை ஒலிபரப்பினார். கேட்பவர்கள் வீட்டில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தி வைத்திருந்து, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்க, கேம் கம்பெனிகள் இந்த அலைகளிலேயே விளையாட ஆரம்பித்தன. வழக்கமான நீளத்தை மாற்றினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், தங்களுக்கென்று தனி ஏற்றும் முறை எழுதினார்கள். ஸ்பீட்லாக் என்பது அதில் பேர்போனது. அதனால் பைட்டுகளை மட்டும் எடுத்து வைத்தால் அந்தக் கேசட் மறுபடி ஓடாது. பிற்பாடு டிஇசட்எக்ஸ் என்ற கோப்பு வடிவத்தை ரசிகர்கள் உருவாக்கினார்கள். அது அலைகளின் நீளத்தையே குறித்துவைக்கிறது, பூட்டோடு சேர்த்து. உங்கள் நண்பர் இரவில் செய்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். டேப் ரெக்கார்டரின் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் அலை மங்கிவிடும். நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களில் ஹெட்டைத் திருக ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார்கள். அவர் மேஜையிலும் ஒன்று இருக்கும், அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

அட்டையை எதற்கு ஸ்கேன் செய்கிறார்? மேனிக் மைனரின் அடுத்த பாகமான ஜெட் செட் வில்லி 1984-ல் வந்தபோது, பெட்டிக்குள் நிறக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை இருந்தது. கேம் தொடங்கும்முன் ஒரு கட்டத்தைச் சொல்லி அதன் நிறங்கள் என்ன என்று கேட்கும். கலர் ஜெராக்ஸ் அன்று சாதாரண ஆள் எட்டும் விஷயமில்லை. கேசட்டைப் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டு அட்டையைத் தொலைத்தால், மிஞ்சுவது வாசலோடு நின்றுவிடும் கேம். அதே கேமில் மாடி அறைக்குள் போனால் வேறு சில அறைகள் கெட்டுப்போகும் ஒரு பிழை இருந்தது. வேண்டுமென்றே வைத்ததுதான், அங்கே விஷவாயு பரவியிருக்கிறது என்று நிறுவனம் முதலில் சாதித்தது. அப்புறம் திருத்தங்களை வெளியிட்டது. இதைப் பட்டியலில் குறித்து வைக்காவிட்டால், இன்றைக்கு விளையாடுகிறவர் தன் கோப்புதான் பழுது என்று நினைப்பார்.

இந்த உழைப்பில் எனக்கு அதிக மரியாதை பட்டியலின் மேல்தான். 1995-ல் நெதர்லாந்துக்காரரான மார்ட்டைன் வான் டெர் ஹெய்டே தொடங்கிய ‘வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்’ என்ற இணையதளம் கேம்களைக் குவித்ததோடு நிற்கவில்லை. யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்தப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது, மலிவுப் பதிப்பாக யார் மறுபடி விட்டார்கள் என்று வரிசையாக எழுதிவைத்தது. பழைய பத்திரிகை விளம்பரங்களில் பெயர் இருந்து, கேசட் இதுவரை யார் கையிலும் சிக்காதவற்றுக்குத் தனிப் பட்டியல் ஒன்று உண்டு. அப்படித் தேடினால் சிலது பிறக்கவே இல்லை என்று தெரியும். இமேஜின் என்ற நிறுவனம் ‘பாண்டர்ஸ்நாட்ச்’ என்ற கேமுக்குப் பெரிய பெரிய விளம்பரம் கொடுத்தது. 1984 ஜூலையில் கம்பெனியே மூழ்கியது, கேம் வரவில்லை. அதற்கும் ஒரு பதிவு இருக்கத்தானே வேண்டும்? இல்லையென்றால் ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகத் தேடிக் களைத்துப்போகும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை ஆளை நம்பிய தளம் அவர் சோர்ந்தால் சோர்ந்துவிடும். அந்தத் தகவல்களையெல்லாம் யார் வேண்டுமானாலும் முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி இசட்எக்ஸ்டிபி என்ற தரவுத்தளமாக மாற்றியிருக்கிறார்கள், அதை முன்னமே செய்திருக்க வேண்டும். பட்டியல் ஒரே வீட்டுப் பீரோவில் இருப்பது எனக்கு எப்போதும் பயம்.

குப்பை என்றீர்களே, அதை மறுக்கப் போவதில்லை. குப்பைதான். பள்ளிப் பையன்கள் படுக்கையறையில் எழுதி, தபாலில் விற்ற கேம்கள் அதில் எவ்வளவோ. ஆனால் பொறுக்கி எடுத்துக் காப்பாற்று என்றால் யார் பொறுக்குவது? நானா, நீங்களா? நான் பொறுக்கினால் சாகசக் கேம்களெல்லாம் போய்விடும், எனக்குப் பொறுமை கிடையாது.

திருட்டு விஷயம். மழுப்ப மாட்டேன். ‘கைவிடப்பட்ட மென்பொருள்’ என்பது ரசிகர்கள் வைத்துக்கொண்ட பெயர், சட்டத்தில் அப்படி ஒரு வகை கிடையாது. பிரிட்டனில் எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. 1966-ல் பிறந்த ஒரு பையன் 17 வயதில் கேம் எழுதி, 80 வயது வரை வாழ்ந்தால், உரிமை 2116 வரை நீளும். டேப்பின் காந்தப்பூச்சு அதுவரை காத்திராது. கடையில் வாங்கலாமே என்றால், வாங்க முடியாது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. நூலகங்கள் இத்தகைய கேம்களைத் தொலைவிலிருக்கும் ஆய்வாளர்களுக்குத் திறந்துகாட்ட விலக்கு கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

ஆனாலும் எல்லோரும் கேட்காமல் எடுக்கவில்லை. ஸ்பெக்ட்ரம் ரசிகர்கள் கேட்டுப் பார்த்தார்கள். கம்ப்யூட்டருக்குள் நிரந்தரமாகப் பதித்த அடிப்படை நிரல் ஒன்று உண்டு, ரோம் என்பார்கள், அது இல்லாமல் எமுலேட்டரே ஓடாது. அதன் உரிமை 1986-ல் ஆம்ஸ்ட்ராட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. உரிமை எங்களுடையதுதான், ஆனால் எமுலேட்டர்களோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று அந்த நிறுவனம் 1999-ல் எழுதியே கொடுத்தது. கேம் எழுதியவர்களிடமும் கேட்டார்கள். சிலர் மகிழ்ந்துபோய்த் தங்களிடம் இருந்த கேசட்டையே அனுப்பினார்கள். சில நிறுவனங்கள் முடியாது என்றன. மறுத்தவற்றின் கோப்பைக் கொடுக்காமல் நிறுத்தினார்கள், பதிவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெயர், ஆண்டு, எழுதியவர், பக்கத்தில் ‘மறுக்கப்பட்டது’ என்று ஒரு சொல். உங்கள் கம்பெனி சும்மா விடாமல் போனாலும் அந்த ஒரு வரியோடு அதற்குச் சண்டை இருக்காது.

எனக்கு இதில் ஒரு சொந்த ஆதங்கமும் உண்டு. 1984-ல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. நான் படித்த பள்ளிக்கும் வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, திரைச்சீலை போட்ட அறைக்குள் வரிசையாகப் போவோம். வாத்தியார் விசையை அழுத்துவார், நாங்கள் பார்ப்போம். யாரோ ஒரு தமிழ் எழுத்துப் பயிற்சி மாதிரி ஒன்றை அதில் எழுதிக் காட்டினார்கள், ‘அ’ மட்டும் பச்சையில் பெரிதாக வந்தது ஞாபகம். பிற்பாடு போய்க் கேட்டபோது, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். டிஸ்க்குகளில் என்ன இருந்தது என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவருக்குக் கேள்வியே புரியவில்லை. மேஜை நாற்காலிக்குக் கணக்கு இருந்தது, அதற்கு இல்லை.

உங்கள் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். சந்தையில் வாங்கிய பெட்டியில் அச்சடித்த அட்டை இல்லாமல், பேனாவால் பெயர் எழுதிய கேசட் ஏதாவது இருந்தால், அதை முதலில் ஏற்றிப் பார்க்கட்டும். வேறு யாரிடமும் இல்லாதது அதில்தான் இருக்கும். போடுவதற்கு முன்னால் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடச் சொல்லுங்கள், கை தவறி ரெக்கார்ட் பட்டனில் பட்டாலும் ஒன்றும் அழியாது.