விகடகவியைத் திருப்பினால் ஏன் ஃபால்ஸ்? பைத்தான் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பைத்தான் நிரல்மொழியின் ஸ்ட்ரிங் பற்றித்தான், அதாவது மேற்கோளுக்குள் கொடுக்கும் எழுத்துத் தொடர். கட்டளைகளை வழக்கம்போல இங்கே தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் பைத்தான் 3-க்கு. இன்னும் பைத்தான் 2 வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப் போடலாம். 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு அதற்கான பராமரிப்பு நின்றுவிட்டது.

அக்கா, லேபில் பாலிண்ட்ரோம் (திருப்பிப் படித்தாலும் அதேபோல வரும் சொல்) கண்டுபிடிக்கும் புரோகிராம் கொடுத்தார்கள். சொல்லும் அதைத் திருப்பியதும் ஒன்றா என்று கேட்க, சொல் == சொல்[::-1] என்று ஒரே வரியில் எழுதினேன். 'மேடம்' என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் ட்ரூ வருகிறது. ஆசைக்கு 'விகடகவி' கொடுத்துப் பார்த்தேன், ஃபால்ஸ் என்கிறது. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

உங்கள் வரியில் தப்பில்லை. விகடகவியில் நீங்கள் பார்ப்பது ஐந்து எழுத்து: வி, க, ட, க, வி. பைத்தான் பார்ப்பது ஏழு. நம்பாவிட்டால் லிஸ்ட்("விகடகவி") என்று தட்டிப் பாருங்கள். வ, ி, க, ட, க, வ, ி என்று பிரித்துக் காட்டும். 'வ' தனி, அதன்மேல் ஏறும் இகரக் குறி தனி. இதைக் கடைசியிலிருந்து படித்தால் முதலில் வருவது குறி, அப்புறம்தான் வ. அந்த முதல் குறிக்கு முன்னால் உட்கார எழுத்தே இல்லை. திரையில் ஒரு புள்ளி வட்டம் போட்டு அதன்மேல் தொங்கவிட்டிருக்கும். போதாக்குறைக்கு, கடைசிக்கு முன்னால் இருக்கிற 'க' பக்கத்து வீட்டுக் குறியை எடுத்துக்கொண்டு 'கி' ஆகிவிடும். 'தமிழ்' என்பதைத் திருப்பினால் இன்னும் வேடிக்கை: புள்ளி முதலில் வரும், ழ போய் 'ழி' ஆகும், 'மி' வெறும் ம ஆகும்.

ஏன் இப்படி என்றால், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடம். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் அதில் கிடையாது. இந்திய மொழிகளுக்காக 1988-இல் வந்த இஸ்கி முறையை ஒட்டி, அகரமேறிய மெய்யுக்கு ஓர் இடம், குறிக்கு ஓர் இடம் என்று வைத்தார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 என்ற முறையும் உண்டு. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்றது. எது மேல் என்ற சண்டை இந்தப் பக்கத்தில் அடங்காது. உங்கள் கையில் இருக்கும் பைத்தானுக்கு யூனிகோடுதான், அதை வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முதலில் சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டிக்கொண்டு, பிறகு திருப்ப வேண்டும். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் கேட்டகரி என்று ஒன்று இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் அது எந்த வகை என்று சொல்லும். உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் வரும் பதில் 'எம்' என்ற பெரிய எழுத்தில் தொடங்கும். ஆகவே:

எழுத்துகள் = []
ஃபார் கு இன் சொல்:
    இஃப் எழுத்துகள் அண்ட் கேட்டகரி(கு)[0] == "எம்":
        எழுத்துகள்[-1] += கு
    எல்ஸ்:
        எழுத்துகள்.அப்பெண்ட்(கு)

குறியாக இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லாவிட்டால் புது எழுத்தாகச் சேர். இப்போது எழுத்துகள் == எழுத்துகள்[::-1] என்று கேளுங்கள், ட்ரூ வரும். 'க்ஷ' மட்டும் க், ஷ என்று இரண்டாக விழும். எழுத்துகளைப் பிரிக்கும் வேலை தயாராகவே வேண்டுமானால் ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரல் நூலகத்தை நிறுவிக்கொண்டு, அதிலுள்ள கெட்_லெட்டர்ஸ் என்பதைப் பயன்படுத்துங்கள். ஆனால் முதலில் கையால் எழுதிப் பாருங்கள். லேபில் வைவா கேட்கும்போது நூலகம் வந்து பதில் சொல்லாது.

'தேரு வருதே' கொடுப்பதென்றால் நடுவில் இருக்கும் இடைவெளியை எடுக்க வேண்டும். "".ஜாயின்(சொல்.ஸ்ப்ளிட்()) போதும். ஸ்ப்ளிட்டுக்குள் எதுவும் கொடுக்காவிட்டால் இடைவெளி, டேப், வரி முறிவு எல்லா இடத்திலும் வெட்டும். பாலிண்ட்ரோமுக்குத் தமிழில் மாலைமாற்று என்று பெயர். திருஞானசம்பந்தர் மாலைமாற்றாகவே ஒரு முழுப் பதிகம் பாடியிருக்கிறார். அதிலிருந்து ஒரு பாட்டை இரண்டு வரியும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். ஆங்கில 'மேடம்' எல்லாம் அப்புறம் சப்பென்று இருக்கும்.

ஊரில் விசேஷங்களுக்கு மொய் எழுதுகிறேன். நோட்டை எக்செல்லில் ஏற்றி, சி.எஸ்.வி.யாகச் சேமித்து, பைத்தானில் கூட்டிப் பார்க்கிறேன். 1,001 வரும் இடத்தில் எரர். ரீப்ளேஸ் போட்டாலும் ஒன்றும் மாறவில்லை. அதைவிடத் தலைவலி, ஒரே ஆள் இரண்டு ஆளாக வருகிறார். பெயர் அச்சு அசலாக ஒன்றுதான்.
– வாசகர், உசிலம்பட்டி

ரீப்ளேஸிலிருந்து தொடங்குவோம், அது சுலபம். நீங்கள் எழுதியிருப்பது தொகை.ரீப்ளேஸ்(",", "") என்ற வரி மட்டும். பைத்தானில் ஒரு ஸ்ட்ரிங்கை உண்டாக்கியபின் அதை மாற்றவே முடியாது. ரீப்ளேஸ், ஸ்ட்ரிப், அப்பர் எல்லாமே புதிதாக ஒன்றைச் செய்து கையில் கொடுக்கும். வாங்கி வைக்காவிட்டால் போயே போச்சு. தொகை = தொகை.ரீப்ளேஸ்(",", "") என்று எழுதுங்கள்.

காற்புள்ளியில் இன்னொரு வம்பு இருக்கிறது. சி.எஸ்.வி. கோப்பில் பத்திகளைப் பிரிப்பதும் அதே காற்புள்ளிதான். வரியை ஸ்ப்ளிட்(",") என்று வெட்டினால் 1,001 என்பது 1 ஒரு பத்தி, 001 ஒரு பத்தி என்று இரண்டாகிவிடும். எக்செல் அந்தத் தொகையை மேற்கோளுக்குள்தான் வைத்துக் கொடுக்கிறது. ஸ்ப்ளிட்டுக்கு மேற்கோள் தெரியாது. பைத்தானிலேயே சி.எஸ்.வி. மாட்யூல் இருக்கிறது, அதற்குத் தெரியும். கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் 'யூ.டி.எஃப்-8-சிக்' என்று கொடுங்கள். எக்செல்லில் 'சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8' என்று சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் போட்டுவிடும். அது உங்கள் முதல் பத்தியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 'ஊர்' என்று கேட்டால் அப்படி ஒரு பத்தியே இல்லை என்று பைத்தான் சாதிக்கும். 'சிக்' சேர்த்தால் அந்தக் குறி கழன்றுவிடும்.

உங்கள் நோட்டில் பழைய பெரியவர்கள் தமிழ் எண்ணில் எழுதியது இருந்தால் கவலை வேண்டாம். இன்ட்("௫௦௧") என்று கொடுத்துப் பாருங்கள், 501 என்று வாங்கிக்கொள்ளும். எனக்குப் பைத்தானில் ரொம்பப் பிடித்த விஷயம் இது. பத்தைக் குறிக்கும் ௰, நூறைக் குறிக்கும் ௱, ஆயிரத்தைக் குறிக்கும் ௲ மூன்றையும் இன்ட் ஏற்காது.

இனி அந்த இரட்டை ஆள். இரண்டு பெயரையும் ப்ரிண்ட் செய்து பார்த்திருப்பீர்கள், அதில் தெரியாது. ப்ரிண்ட்(ரெப்ர்(பெயர்)) என்று போடுங்கள், கண்ணுக்குத் தெரியாததை ரெப்ர் காட்டிக்கொடுக்கும். ஒன்றின் வாலில் இடைவெளி இருக்கலாம், ஸ்ட்ரிப் அதை எடுத்துவிடும். வாட்ஸப்பிலோ இணையத்திலோ இருந்து ஒட்டியதென்றால் 'ஜீரோ வித் ஸ்பேஸ்' என்ற அகலமே இல்லாத இடைவெளி வந்திருக்கலாம். ரெப்ரில் அது \யூ200பி என்று பல்லிளிக்கும். ஸ்ட்ரிப் அதைத் தொடாது, ரீப்ளேஸ்தான் போட வேண்டும்.

இது எதுவும் இல்லையென்றால் லிஸ்ட்(பெயர்) போடுங்கள். 'கோபால்' என்ற பெயரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசைப்பலகை 'கோ'வை க, ோ என்று இரண்டாக எழுதும். இன்னொன்று க, இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்றாக எழுதும். திரையில் ஒரு வித்தியாசமும் இருக்காது, == என்று கேட்டால் ஃபால்ஸ். யூனிகோட்டேட்டாவில் உள்ள நார்மலைஸ்("என்.எஃப்.சி", பெயர்) இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். ஆனால் 'கௌ' எழுத வேண்டிய இடத்தில் கொம்பு, க, அப்புறம் 'ள' என்ற எழுத்தையே தட்டிய ஆட்கள் உண்டு. 'கௌசல்யா', 'கெளசல்யா' இரண்டையும் உற்றுப் பாருங்கள். அதை நார்மலைஸும் தீர்க்காது, ரீப்ளேஸ்தான்.

'மு.ராமசாமி', 'மு. ராமசாமி' பிரச்சினைக்கு: பெயர் = " ".ஜாயின்(பெயர்.ரீப்ளேஸ்(".", ". ").ஸ்ப்ளிட்()). புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, அதிகப்படியை மடக்கிவிடும்.

இவ்வளவும் செய்தபின் பெயர் ஒன்றாகிவிட்டது என்பதற்காகத் தொகையைத் தானாகக் கூட்ட விடாதீர்கள். ஒரே ஊரில் இரண்டு மு. ராமசாமி இருப்பது அதிசயமில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். மொய்க் கணக்கில் பிசகினால் வருகிற சண்டையைப் பைத்தான் வந்து விலக்காது.

கோப்புப் பெயரில் கடைசியில் உள்ள '.சி.எஸ்.வி'யை ஸ்ட்ரிப் போட்டு எடுத்தேன். சிவகாசி என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்பு 'இவகாசி' ஆகிவிட்டது!
– அச்சக ஊழியர், சிவகாசி

என் ஊரையே தலையை வெட்டிவிட்டீர்களே. ஸ்ட்ரிப்புக்குள் கொடுப்பதை அது ஒரு சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை. புள்ளி, சி, எஸ், வி ஆகிய நான்கில் எது இரண்டு ஓரத்தில் இருந்தாலும் தின்னும். சிவகாசி 'எஸ்'ஸில் தொடங்குகிறது, அதனால் அதுவும் போனது. ரிமூவ்சஃபிக்ஸ் என்று இருக்கிறது, அதைப் போடுங்கள். பைத்தான் 3.9 முதல் கிடைக்கும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்த பழைய ஊர் மலரை யூனிகோடுக்கு மாற்றி எடுத்தேன். வாசிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'அவர்கள்' என்று தேடினால் ஓரிடத்திலும் இல்லை என்கிறது. பக்கத்துக்குப் பத்து இடத்தில் இருக்கிறதே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

ஐயா, நீங்கள் அனுப்பிய பக்கத்திலிருந்து அந்த ஒரு சொல்லை லிஸ்டுக்குள் போட்டுப் பார்த்தேன். அ, வ, அடுத்து 'ர' வர வேண்டிய இடத்தில் ா. அப்புறம் புள்ளி, க, ள, புள்ளி. 'அவா்கள்' என்று இருக்கிறது. அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம்.

நானும் பாமினியில் தட்டியிருக்கிறேன், ஆகையால் இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். எழுத்துருவில் இடத்தை மிச்சம் பிடிக்க, ஆங்கில 'எச்' விசையில் இருக்கும் ஒரே கோட்டைக் காலுக்கும் வைத்துக்கொண்டார்கள், 'ர்', 'ரி' எழுதவும் அதையே வைத்துக்கொண்டார்கள். 'எச்' தட்டி அரைப்புள்ளி தட்டினால் ர். 'எச்' மட்டும் தட்டினால் கால். உங்கள் கோப்பை மாற்றிய நிரல் ஒற்றை விசைகளை முதலில் மாற்றியிருக்கிறது. 'எச்' எல்லாம் காலாகிவிட்டதால், 'எச்-அரைப்புள்ளி' என்ற ஜோடியைத் தேடும்போது அது அங்கே இல்லை.

இப்போது கையிலிருக்கும் கோப்புக்கு மூன்று ரீப்ளேஸ் போதும்: "ா்" என்பதை "ர்" என்றும், "ாி" என்பதை "ரி" என்றும், "ாீ" என்பதை "ரீ" என்றும் மாற்றுங்கள். முறையான தமிழில் காலுக்குப் பின்னால் புள்ளியோ இகரக் குறியோ வரவே வராது. அதனால் நல்ல சொல் எதுவும் கெடாது.

மற்ற மலர்களை நீங்களே மாற்றப் போகிறீர்கள் என்றால், விசைக்கு எழுத்து என்று ஒரு டிக்ஷனரி போட்டு, அதை சார்டட்(அட்டவணை, கீ=லென், ரிவர்ஸ்=ட்ரூ) என்று நீளமானது முதலில் வருமாறு அடுக்கி, அந்த வரிசையில் ரீப்ளேஸ் செய்யுங்கள். 'கொ'வுக்கும் இதுவே வழி. பாமினியில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டுவோம். யூனிகோடில் க முதலில் வர வேண்டும். ஆகவே மூன்று விசையையும் சேர்த்து ஒரே பதிவாக அட்டவணையில் வையுங்கள்.

நூலகப் பட்டியலை சார்டட் போட்டு அடுக்கினால் 'அனல்' முன்னாலும் 'அப்பா' பின்னாலும் வருகிறது. 'பள்ளி'க்குப் பின்னால்தான் 'பழம்'. அகர வரிசை அப்படி இல்லையே?
– நூலகர், கும்பகோணம்

சார்டட் யூனிகோடு எண்ணைப் பார்க்கிறது. அங்கே ன என்பது ந-வுக்கு அடுத்து, ற என்பது ர-வுக்கு அடுத்து, ள என்பது ழ-வுக்கு முன். நீங்கள் ஒரு வரிசை கொடுத்துவிடுங்கள்: வரிசை = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃகஙசஞடணதநபமயரலவழளறன" என்று எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் எழுத்துகள் இதில் எத்தனையாவது இடம் என்ற பட்டியலைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்க்ஷன் எழுதி, அதை கீ என்ற இடத்தில் கொடுங்கள். வடமொழி எழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எங்கே வைப்பது என்பது உங்கள் நூலகத்தின் வழக்கம். அதே ஸ்ட்ரிங்கில் வேண்டிய இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியில் எழுத்துகளைக் கட்டினோமே, அந்த வரிகளை இங்கேயும் பயன்படுத்தினால் 'க்' எங்கே, 'க' எங்கே என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம்.

ஸ்ட்ரிங்குக்கு ஒற்றை மேற்கோளா, இரட்டை மேற்கோளா?
– பள்ளி மாணவன், தேனி

எது வேண்டுமானாலும் போடு தம்பி, பைத்தானுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஒற்றை வந்தால் வெளியே இரட்டை வை. ஆனால் நிரலை வேர்டில் எழுதி ஒட்டாதே. அது மேற்கோளை வளைத்துவிடும், வளைந்த மேற்கோளைப் பைத்தான் ஏற்காது.