எந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம்?

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள் நான். இப்போது கல்லடியில் சில அறைகளை வாடகைக்கு விடுகிறேன். விடுமுறை கிட்டும்போது வருகிற கடிதங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கின்றன: எதற்குக் காசு கொடுப்பது, எதை விடுவது? இந்த முறை அவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

*அக்கா, ஓகஸ்ட் விடுமுறைக்கு வான் பிடித்துப் பாசிக்குடா வருகிறோம். நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், மாமியார். இரண்டு இரவு தங்குவோம். நீச்சல் குளம் உள்ள ஹோட்டல் நல்லதா, சாதாரண விடுதி போதுமா? கையில் உள்ள காசு மட்டுமட்டு.*
— ஓர் ஆசிரியை, ஹட்டன்

டீச்சர், நீச்சல் குளத்தை விட்டுவிடுங்கள். பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழமில்லை, அலையும் பெரிதாக வராது. பெரியவர் ஒருவர் கூடவே நின்றால் பிள்ளைகள் நாள் முழுக்கக் கடலில் கிடப்பார்கள். மலைநாட்டுப் பிள்ளைகளை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரையேற்றுவதே பெரும்பாடு. குளத்துக்கென்று அறை வாடகையில் கூட்டி வாங்கும் காசு உங்களுக்குப் பயன்படாத காசு.

ஏசியை மட்டும் விடாதீர்கள். ஓகஸ்டில் இங்கே கச்சான் அடிக்கும். மேற்கிலிருந்து தரை வழியாக வரும் வறண்ட காற்று அது, மத்தியானத்தில் முகத்தில் அனல் அடிக்கும். எங்களுக்கே தாங்காது, ஹட்டன் குளிரில் இருந்து வரும் மாமியாருக்கு எப்படித் தாங்கும்? பேன் போட்டாலும் அதே சூட்டுக் காற்றுத்தான் சுற்றும். இரண்டு அறை எடுப்பதென்றால், மாமியாரும் பிள்ளைகளும் படுக்கிற அறையை ஏசியாக எடுங்கள். மற்றது பேன் அறையாக இருந்தால் போதும், நுளம்பு வலை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

இனிச் சாப்பாடு. காசு அதிகம் கரைவது இதில்தான். பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் கடற்கரையோரம் வரிசையாக நிற்கின்றன. வெளியே இறங்கினால் நினைத்த நேரம் சாப்பிடக் கடைகள் குறைவு. சோறு, கொத்து, பாண், பால்மா எல்லாம் ஊர் விலைக்கு வேண்டுமென்றால் வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கம் போக வேண்டும். உங்களிடம் வான் இருக்கிறது. அதனால் காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த வாடகையைக் கேளுங்கள். மூன்று வேளையும் சேர்ந்த புல் போர்ட் உங்களுக்கு நட்டம். மூன்று பிள்ளைகளும் கடலில் விளையாடிவிட்டு வந்து பபேயில் ஒரு கரண்டி சோறும் பழமும்தான் எடுப்பார்கள், மாமியார் இரவில் இடியப்பமும் சொதியும் கேட்பார். பில்லில் மட்டும் சாப்பிடாததற்கும் காசு ஏறும். வான் இல்லாமல் வருகிறவர்களுக்குச் சொல்லும் பதில் வேறு: அவர்கள் இரவுச் சாப்பாடும் சேர்த்து எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு இரவும் வாழைச்சேனைக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும்.

காலைச் சாப்பாடு "சேர்ந்தது" என்று சொன்னால் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். இரண்டு பேர் அறை என்றால் இரண்டு பேருக்குத்தான் கொடுப்பார்கள். மூன்றாவது கட்டிலில் படுக்கும் பிள்ளைக்குத் தனிக் காசு. பிள்ளைகளின் வயதை முதலே சொல்லுங்கள். எந்த வயது வரை இலவசம், எதற்கு மேல் அரைவாசி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணக்கு உண்டு. வந்திறங்கிய பிறகு அதைப் பேசினால் உங்கள் பக்கம் பேச்சு நிற்காது.

விலையையும் இப்படித்தான் பிடித்துக் கேட்க வேண்டும். பெரிய ஹோட்டல்கள் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போடும். ஒன்று 10 வீதச் சேவைக் கட்டணம், மற்றது வரி. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். 20,000 ரூபா என்று சொன்ன அறை பில்லில் 25,600க்குக் குறையாது. சாப்பாட்டுப் பில்லும் இதே மாதிரித்தான் ஏறும். சின்ன விடுதிகள் பலவற்றில் சொன்ன விலைதான் விலை. அதனால் இரண்டு இடத்தை ஒப்பிடும்போது, "எல்லாம் சேர்த்து நான் கையில் தர வேண்டியது எவ்வளவு?" என்று கேட்டு, அந்தத் தொகையை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உள்நாட்டவர் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். உண்டென்றால் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

வான் சாரதியை மறந்துவிடாதீர்கள். பாசிக்குடாவில் பல ஹோட்டல்களில் சாரதிகளுக்கென்று தனி அறை உண்டு. சில இடங்களில் சாப்பாடும் கொடுப்பார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் தங்கினால் அவருக்கு வெளியே அறை எடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வானுக்குள்ளேயே படுப்பார். மறுநாள் மலைப் பாதையில் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற மனிதர். காசுக் கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அவருக்கு ஒரு கட்டில் கிடைக்கிற இடத்தைத்தான் நான் தெரிவு செய்வேன்.

அறையில் மின்கேத்தல் இருந்தால் காலையும் மாலையும் ஆறு பேரின் தேத்தண்ணீர்க் காசு மிச்சம். தேயிலையும் பால்மாவும் சீனியும் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். கேத்தலின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் அடியில் வெள்ளையாகப் படியும். அதனால் கெடுதல் இல்லை, ஒருமுறை கொதிக்க வைத்து ஊற்றிவிடலாம். ஆனால் முட்டை வாசமோ நூடில்ஸ் வாசமோ அடித்தால் அதில் பிள்ளைக்குப் பால் கரைக்க வேண்டாம். சமையலறையில் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

இன்னொன்று: இணையத்தில் அறையைப் பார்த்துவிட்டு, பதிவு செய்யாமல் விடுதிக்கே தொலைபேசி எடுங்கள். இணையத் தளங்கள் விடுதிக்காரரிடம் 15 வீதம் அளவில், சிலவேளை அதற்கும் மேல் கமிஷன் எடுக்கின்றன. அதில் ஒரு பகுதியை உங்களுக்கு விட்டுத்தரப் பலர் தயார். குறைக்க முடியாதென்றால் மூன்றாவது கட்டிலையாவது இலவசமாகப் போட்டுத் தருவார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

*மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு இரவு பஸ்ஸில் வருகிறோம். விடிய முன்னமே மட்டக்களப்பில் இறங்கிவிடுவோம். அறை இரண்டு மணிக்குத்தான் என்கிறார்கள். இரண்டு நாள் வாடகை கட்ட வேண்டுமா?*
— ஒரு வாசகர், வவுனியா

கட்ட வேண்டாம், ஐயா. உங்களுக்கு அந்த நேரத்தில் தேவை குளிக்க ஓர் இடமும் பைகளை வைக்க ஓர் இடமும்தானே. பைகளைக் காசில்லாமல் வைத்திருக்கிறீர்களா, குளித்து உடுப்பு மாற்ற ஒரு குளியலறை திறந்து விடுவீர்களா என்று முதல் நாளே கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்கிற விடுதி, வாடகை கொஞ்சம் கூட என்றாலும் உங்களுக்கு மலிவு. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊரே நிரம்பி வழியும், முதல் நாள் இரவு எல்லா அறைகளிலும் ஆட்கள் இருப்பார்கள். அதனால் பஸ்ஸில் ஏறிய பிறகு தொலைபேசி எடுத்துப் பயனில்லை. திரும்பும் நாளிலும் இதே கேள்வி வரும்: அறையைப் பன்னிரண்டு மணிக்குக் கொடுத்துவிட்டு இரவு பஸ் வரை எங்கே இருப்பது? அதையும் முதலே கேட்டு வையுங்கள். மாமாங்கத்திலிருந்து ஈர உடுப்போடு வருவீர்கள். உடுப்புக் காயப்போட ஒரு கொடியும் வெயில் படும் முற்றமும் உள்ள வீட்டு விடுதியைப் பாருங்கள். ஹோட்டலில் சலவைக்குக் கொடுத்தால் ஒவ்வோர் உடுப்புக்கும் தனித்தனியாகக் காசு எடுப்பார்கள்.

*இலவச வைஃபை இருக்கிறதென்று ஒரு விடுதி கூடுதலாகக் கேட்கிறது. கொடுக்கலாமா?*
— ஒரு மாணவி, அக்கரைப்பற்று

வேண்டாம். தொலைபேசியில் டேட்டா போட்டுக்கொண்டால் போதும். அறைக்குள் இருந்து இணைய வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது பெறுமதி. அவர்களும் வேகத்தைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

*நண்பர்கள் நால்வர் யூலையில் அறுகம்பை போகிறோம், சர்ஃபிங் பழக. ஐந்து நாள். சமையலறை உள்ள இடம் எடுக்கலாமா, பலர் சேர்ந்து படுக்கும் பொது அறையில் கட்டில்கள் (டோம்) எடுக்கலாமா?*
— மாவனெல்லையிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, அறுகம்பையில் நான் முதலில் கேட்பது இடத்தை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு பேபி பொயின்ட் தோதானது, பிரதான தெருவிலிருந்து பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போகலாம். அந்த நடை தூரத்துக்குள் அறை எடுங்கள். மலிவென்று பொத்துவில் பக்கம் தள்ளிப் போனால், காலையும் மாலையும் பலகைகளை ஓட்டோவின் மேல் கட்டிக்கொண்டு போய் வர வேண்டும், மிச்சம் பிடித்த காசு முழுக்க ஓட்டோவில் போய்விடும். விஸ்கி பொயின்ட், பீனட் பாம் போன்ற மற்ற சர்ஃபிங் இடங்கள் எல்லாம் தூரம். அவை உங்களுக்கு இப்போதைக்கு அவசரமில்லை.

டோம் கட்டில் தனியாக வருகிறவருக்கு நல்லது. நீங்கள் நான்கு பேர். நான்கு கட்டிலின் விலையைக் கூட்டி, அதே தெருவில் ஒரு குடும்ப அறையின் விலையோடு வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வராது, சிலவேளை குடும்ப அறை குறைவாகவும் வரும். பூட்டும் உங்கள் கையில் இருக்கும்.

சமையலறை என்றால், நால்வரில் உண்மையாகச் சமைக்கிறவர் ஒருவராவது இருக்கிறாரா? இருந்தால் எடுங்கள். பொத்துவில் சந்தையில் மீனும் மரக்கறியும் வாங்கலாம், அறுகம்பையிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவுதான். இல்லையென்றால் அந்தக் காசைக் கொண்டு பொத்துவில் டவுனில் சோறு சாப்பிடுங்கள். அறுகம்பைத் தெருவிலுள்ள உணவகங்கள் வெளிநாட்டுக்காரரைப் பார்த்து விலை போடுகிறவை, டவுனில் உள்ள கடைகள் ஊராரைப் பார்த்து விலை போடுகிறவை.

யாரும் கேட்காத ஒரு வசதி குடிதண்ணீர் பில்டர். வெயிலில் கடலுக்குள் நிற்கிற ஆளுக்கு நாளைக்கு மூன்று லீற்றர் தண்ணீராவது வேண்டும். நால்வருக்குப் பன்னிரண்டு லீற்றர். கடையில் ஒரு லீற்றர் போத்தலின் உச்ச விலை 2025 ஏப்ரலிலிருந்து 100 ரூபா. நாளுக்கு 1,200, ஐந்து நாளைக்கு 6,000. போத்தலை நிரப்பிக்கொள்ள விடுகிற விடுதியில் இந்தச் செலவே இல்லை. கரையில் பிளாஸ்டிக் போத்தல்கள் ஒதுங்குவதைப் பார்க்கிற எனக்கு அதில் இன்னொரு சந்தோசமும் உண்டு.

குமண தேசியப் பூங்கா பார்ப்பதென்றால் விடியுமுன் ஜீப் ஏற வேண்டும். அன்று விடுதியின் காலைச் சாப்பாட்டை நீங்கள் சாப்பிடப்போவதில்லை, ஆனால் அதற்கான காசு வாடகையில் ஏற்கனவே சேர்ந்திருக்கிறது. முதல் நாள் பின்னேரமே, "நாளைக்குக் காலைச் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டித் தாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டால் பாணும் முட்டையும் வாழைப்பழமும் கட்டித் தருவார்கள். கேட்காவிட்டால் அவர்களாகத் தர மாட்டார்கள்.

நாளை மாற்ற முடியுமென்றால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளுங்கள். அலை அப்போதும் இருக்கும், கூட்டம் குறையும், விலையும் பேசலாம்.

*அம்மாவை மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும். அவருக்கு இன்சுலினும் உண்டு. சிகிச்சைக்கு இரண்டு மூன்று கிழமை எடுக்கும் என்கிறார்கள். கொழும்புப் பக்கம் எங்களுக்கு யாரும் இல்லை. எப்படியான இடம் எடுப்பது?*
— ஒரு மகள், கல்முனை

தங்கச்சி, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். சுற்றுலா போகிறவருக்குச் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு ஏசி, குளிரூட்டிய வரவேற்பறை ஒன்றும் முக்கியமில்லை. வேண்டியது சமையலறை. சிகிச்சை நேரத்தில் அம்மாவுக்கு வாய் கசக்கும், கடைச் சாப்பாடு இறங்காது. கஞ்சியும் சொதியும் நினைத்த நேரம் வைத்துக் கொடுக்க ஓர் அடுப்பு இருந்தால் செலவும் பாதி, மனமும் ஆறும். நாள் வாடகைக்கு அறை எடுக்காமல் கிழமை வாடகைக்கோ மாத வாடகைக்கோ அனெக்ஸ் கேளுங்கள். வைத்தியசாலையைச் சுற்றி நோயாளிகளின் குடும்பங்களுக்கு அறை கொடுக்கிற வீடுகள் உண்டு. வார்டில் உள்ள தாதிமாரிடமும் வாசலில் நிற்கிற ஓட்டோக்காரரிடமும் விசாரித்தால் இணையத்தில் வராத இடங்களும் தெரிய வரும்.

படி ஏறாத கீழ்த்தள அறை. லிப்ட் இருக்கிறது என்றால், கரண்ட் போனால் அது வேலை செய்யுமா என்று கேளுங்கள். சுடுதண்ணீர். நடந்து போகிற தூரம். சமையலறையோடு சேர்த்து இந்த நான்கும் இருந்தால், கட்டில் பழசு, சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டாம்.

அம்மாவுக்கு இன்சுலினும் உண்டென்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். ஹோட்டல் அறை எடுக்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பல ஹோட்டல்களில் கதவோரத் துளையில் சாவி அட்டையைச் செருகினால்தான் அறைக்குள் மின்சாரம். அட்டையை எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனால் லைட்டோடு பெட்டியும் நின்றுவிடும். மாலையில் திரும்பும்போது மருந்து சூடாகியிருக்கும். பெட்டிக்குத் தனி இணைப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வரவேற்பில் இன்னோர் அட்டை வாங்கிச் செருகி வையுங்கள், அதுவும் முடியாவிட்டால் பெயர் எழுதி ஹோட்டல் சமையலறைப் பெட்டியில் வைக்கக் கொடுங்கள்.

முற்பணம் கட்டும்போது திகதி மாற்றலாமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனை சரியில்லை என்று சிகிச்சையை ஒரு கிழமை தள்ளிப் போடுவது சாதாரணம். அப்போது கல்முனைக்குத் திரும்பி வந்து மறுபடி போக நேரிட்டாலும் கட்டிய காசு கைவிட்டுப் போகக் கூடாது.